மக்களாகிய நாம்: குடியுரிமைத் தேர்வின் விடைகளுக்குப் பின்னால்

 

எடிசன் நகரிலோ, ஃப்ரீமாண்டிலோ, ஹூஸ்டன் புறநகரிலோ அமைந்த ஒரு தமிழர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். இரவு உணவு முடிந்துவிட்டது. சமையலறை மேசையின்மீது குடியுரிமைத் தேர்வுக்கான வினா அட்டைகள் பரப்பப்பட்டுள்ளன. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பாட்டி அமர்ந்திருக்கின்றார். எதிரே அமர்ந்த பேத்தி ஓர் அட்டையை எடுத்து, "அரசியலமைப்புச் சட்டம் எந்த ஆண்டில் எழுதப்பட்டது?" என்று கேட்கின்றாள். "1787" என்று பாட்டி தயங்காமல் விடை கூறுகின்றார். பேத்தி அட்டையைத் திருப்பிப் பார்க்கின்றாள். இந்நாட்டிலேயே பிறந்து, இந்நாட்டுப் பள்ளியிலேயே பயிலும் அவளுக்கு, அட்டையின் பின்புறத்தைப் பார்த்த பிறகே அவ்விடை சரியென்று தெரிகின்றது.

இது ஒரு வீட்டின் நிலை மட்டுமன்று. 2018ஆம் ஆண்டில் உட்ரோ வில்சன் அறக்கட்டளை நடத்திய கருத்தாய்வில், அமெரிக்கக் குடிமக்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவரே இத்தேர்வின் வினாக்களில் தேர்ச்சி பெறத்தக்கவர் என்று தெரியவந்தது. ஆனால் குடியுரிமை கோரி விண்ணப்பித்து அதிகாரியின் முன் அமர்வோரில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் தேர்ச்சி அடைகின்றனர். உரிமையைத் தேடி வருவோர் படிக்கின்றனர். உரிமையோடு பிறந்தோர் படிக்காமலே இருந்துவிடுகின்றனர். தமிழர் இல்லங்களில் இவ்விரு சாராரும் ஒரே மேசையில் அமர்ந்து உணவு உண்கின்றனர். ஆகவே இத்தேர்வைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழர் கூடும் அவையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

முதலில் தேர்வின் அமைப்பைக் காண்போர் பயன் பெறுவர். 2008ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருந்த தேர்வில் 100 வினாக்கள் தரப்பட்டிருந்தன. அவற்றுள் பத்து வரை கேட்கப்படும். ஆறுக்குச் சரியான விடை கூறினால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்போருக்குப் புதிய தேர்வு வந்துள்ளது. இதில் படிக்க வேண்டிய வினாக்கள் 128. இருபது வரை கேட்கப்படும். பன்னிரண்டுக்குச் சரியான விடை தேவை. விடைகளை வாய்மொழியாகவே கூற வேண்டும். முதல் முறை தவறினால் 60 முதல் 90 நாள்களுக்குள் மறுவாய்ப்பு உண்டு.

எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. கேட்கும் முறையும் மாறியிருக்கின்றது. பழைய தேர்வு, அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் மூன்று சொற்கள் யாவை என்று கேட்டது. "மக்களாகிய நாம்" என்பதற்குரிய மூன்று ஆங்கிலச் சொற்களை ஒப்புவித்தால் போதுமாயிருந்தது. புதிய தேர்வு அச்சொற்களைத் தானே தந்துவிட்டு, அவற்றின் பொருள் என்ன என்று கேட்கின்றது. மக்கள் தம்மைத் தாமே ஆள்வது என்பது விடை. சொல்லை மனப்பாடம் செய்தவரிடம் இப்போது பொருள் கேட்கப்படுகின்றது. அந்தப் பொருளை உண்மையாகத் தேடிப் புறப்படுவோர் ஒரு கேள்வியைக் கடந்தே ஆக வேண்டும்: அந்த "நாம்" என்பதற்குள் அடங்குவோர் யார்?

1790ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட முதல் குடியுரிமைச் சட்டம், அடிமையல்லாத வெள்ளை இனத்தவரே குடியுரிமை பெறலாம் என்று வரையறுத்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1870இல் ஆப்பிரிக்க வழியினருக்கும் அவ்வாய்ப்பு தரப்பட்டது. ஆசியர் வெளியிலேயே நின்றனர். பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திந்த் முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். அவர் பெற்ற குடியுரிமையை எதிர்த்து அரசு வழக்குத் தொடுத்தது. 1923 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், பொதுமக்கள் வழக்கில் "வெள்ளையர்" என்று கொள்வோருள் இந்தியர் அடங்கார் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் பின் வேறு பல இந்தியர்களின் குடியுரிமையும் பறிக்கப்பட்டது.

அவர்களுள் ஒருவர் சான்பிரான்சிஸ்கோவில் வணிகம் செய்த வைஷ்ணோ தாஸ் பகாய். மனைவி கலா, மூன்று ஆண்மக்கள் ஆகியோருடன் 1915இல் ஏஞ்சல் தீவு வழியாக வந்து சேர்ந்தவர். 1921இல் குடிமகன் ஆனவர். குடியுரிமை போனதும், குடியுரிமைக்குத் தகுதியற்றோர் நிலம் வைத்திருக்கலாகாது என்னும் கலிபோர்னியச் சட்டம் அவர்மீது பாய்ந்தது. உடைமைகளை விற்க நேர்ந்தது. எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாத நிலைக்கு ஆளான அவர், 1928இல் சான் ஹோசேயில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கலா பகாய் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். சட்டம் மாறிய பின் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார். முன்னொரு காலத்தில் இக்குடும்பம் பெர்க்லியில் வீடு வாங்கிக் குடிபுகச் சென்றபோது, அண்டை வீட்டார் உள்ளே விடாமல் தடுத்தனர். அதே பெர்க்லி நகரம் 2020இல் ஒரு தெருவுக்குக் கலா பகாயின் பெயரைச் சூட்டியது.

தமிழர்க்கு இக்கதை அந்நியமானதன்று. 1948இல் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மலையகத் தமிழர் ஏழு இலட்சம் பேர் வரை நாடற்றோர் ஆயினர். நாடற்றிருந்த எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இடையில் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. குடியுரிமை சட்டத்தால் தரப்படுவது. சட்டத்தால் பறிக்கப்படவும் கூடியது. ஒரு தீர்ப்பு, ஒரு வாக்கெடுப்பு, ஒரு திருத்தம் போதும். இவ்வுண்மையை உணர்ந்தவருக்குக் குடியுரிமைத் தேர்வின் வினாக்கள் வெறும் பொது அறிவு வினாக்களாகத் தோன்றமாட்டா.

1946 ஜூலையில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட லூஸ்–செல்லர் சட்டம் இந்தியருக்குக் குடியுரிமை வாயிலைத் திறந்தது. ஆயினும் ஆண்டுக்கு நூறு பேருக்கே குடிவர இடமளித்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வானியற்பியல் அறிஞர் சுப்ரமணியன் சந்திரசேகர், சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 1937இல் பணியேற்றவர். அவரைப் போன்ற ஒரு மேதை விரும்பியிருந்தாலும் முதல் ஒன்பது ஆண்டுகள் அமெரிக்கக் குடிமகன் ஆகியிருக்க இயலாது. அவர் குடியுரிமை பெற்றது 1953இல்; நோபல் பரிசு பெற்றது 1983இல். பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றும் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் உழவராக வாழ நேர்ந்த தலிப் சிங் சௌந்த், 1949இல் குடிமகன் ஆனார். 1950இல் உள்ளூர் நீதிபதித் தேர்தலில் வென்றார். குடியுரிமை பெற்று ஓராண்டு நிறையவில்லை என்று பதவி மறுக்கப்பட்டது. அவர் ஓய்ந்துவிடவில்லை. 1952இல் மீண்டும் நின்று வென்றார். 1956இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆசிய அமெரிக்கர் ஆனார். கதவு திறந்த பத்தே ஆண்டுகளில் ஓர் இந்தியர் சட்டம் இயற்றும் அவைக்குள் நுழைந்துவிட்டார்.

அடுத்து, வாக்குரிமை பற்றிய வினாக்கள். அரசியலமைப்பின் திருத்தங்களுள் நான்கு வாக்குரிமை பற்றியவை. அவற்றுள் ஒன்றைக் கூறுக என்பது தேர்வில் வரும் வினா. இதற்கான விடை நியூ ஜெர்சியின் மண்ணிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. 1776இல் நியூ ஜெர்சி இயற்றிய அரசியலமைப்பு, ஐம்பது பவுன் மதிப்புள்ள உடைமை கொண்ட "குடியிருப்போர் அனைவருக்கும்" வாக்குரிமை தந்தது. அதன்படி உடைமையுள்ள மணமாகாப் பெண்டிரும் கைம்பெண்டிரும் வாக்களித்தனர். அடிமைப்படாத கறுப்பினத்தவரும் வாக்களித்தனர். 1807இல் மாநிலச் சட்டமன்றம் அவ்வுரிமையை வெள்ளை ஆடவர்க்கு மட்டும் எனச் சுருக்கியது. பெண்கள் இழந்ததை மீண்டும் பெற 1920இல் வந்த 19ஆம் திருத்தம் வரை காத்திருந்தனர். நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள்! வந்த உரிமை நிலைத்தே நிற்கும் என்று எவரும் உறங்கிவிட இயலாது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமோ?

எடிசனுக்கு அருகிலேயே பெர்த் அம்பாய் என்னும் ஊர் இருக்கின்றது. வார இறுதியில் கடைவீதிக்குச் செல்லும் தமிழர் பலர் அவ்வூரின் பெயர்ப்பலகையைக் கடந்து செல்கின்றனர். 1870 மார்ச் 31 அன்று, இன அடிப்படையில் வாக்குரிமை மறுக்கலாகாது என்னும் 15ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்த மறுநாள், தாமஸ் மண்டி பீட்டர்சன் என்னும் கறுப்பினத்தவர் அவ்வூரில் வாக்களித்தார். அத்திருத்தத்தின்கீழ் வாக்களித்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவரே என்று வரலாறு குறிக்கின்றது. அதே மாநிலத்தில் லாரா வூட்டன் என்னும் மூதாட்டி, 79 ஆண்டுகள் இடைவிடாமல் வாக்குச்சாவடிப் பணியாளராகத் தொண்டாற்றினார். அவர் பெயரால் 2021இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, நியூ ஜெர்சியின் நடுநிலைப் பள்ளிகளில் குடிமையியல் கற்பிக்கப்படுகின்றது. பிள்ளைகளைக் கணிதப் போட்டிக்கும் சொல் எழுத்துப் போட்டிக்கும் ஆயத்தம் செய்யும் பெற்றோர், இப்பாடத்தையும் அதே அக்கறையோடு நோக்க வேண்டும்.

இனி டெக்சாஸ் மாநிலத்துக்கு வருவோருக்கு விடுதலை பற்றிய வினா காத்திருக்கின்றது. அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தை லிங்கன் வெளியிட்டது 1863 சனவரி 1 அன்று. டெக்சாசின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் கூட்டாட்சிப் படை வந்திறங்கி அடிமைகளுக்கு விடுதலையை அறிவித்ததோ 1865 ஜூன் 19 அன்று. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளும் பருத்திக் காடுகளில் உழைப்பு தொடர்ந்தது. எழுதப்பட்ட உரிமைக்கும் கைக்கு வந்து சேரும் உரிமைக்கும் இடையேயுள்ள தொலைவை அந்த நாள் காட்டுகின்றது. 2021 முதல் அது நாடு முழுவதற்குமான கூட்டாட்சி அரசு விடுமுறை. ஹூஸ்டனிலிருந்து கடற்கரைக்கு உலாச் செல்லும் குடும்பங்கள் இனிமேல் கால்வெஸ்டனைக் கடலுக்காக மட்டும் காணலாகாது.

விடுதலை வந்தும் வாக்குரிமை வரவில்லை. தென் மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி என்று நூறு தடைகள் எழுப்பப்பட்டன. அவற்றை எதிர்த்து எழுந்த இயக்கத்தின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1959இல் காந்தியடிகளின் நாட்டைக் காண வந்தவர். கன்னியாகுமரிக் கடற்கரையில் கதிரவன் மறைவதையும் நிலவு எழுவதையும் கண்டவர். அவ்வியக்கத்தின் போராட்டத்தால் 1965இல் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, டெக்சாசில் பிறந்த அதிபர் லிண்டன் ஜான்சன், சுதந்திர தேவி சிலையின் அடியில் புதிய குடிவரவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பிறந்த நாட்டைப் பார்த்து ஆண்டுக்கு நூறு பேர் என்று அளந்து விடும் முறை ஒழிந்தது. அதன் பின்னரே தமிழ் மருத்துவர்களும் பொறியாளர்களும் அறிஞர்களும் பெருந்தொகையில் வந்தனர். இன்று இங்கே தமிழ்ப் பள்ளிகளும் சங்கங்களும் கோயில்களும் நிற்கின்றன என்றால், அதற்கான கடனில் ஒரு பங்கு, அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் அடிபட்டுச் சிறைசென்ற கறுப்பின மக்களுக்கு உரியது. குடிமை உரிமை இயக்கம் என்ன செய்தது என்று அதிகாரி கேட்கும்போது, விடை கூறும் தமிழர் தம் வீட்டுக் கதையையும் சேர்த்தே கூறுகின்றார்.

நான்காவது, பிறப்புரிமை. சான்பிரான்சிஸ்கோவில் 1873ஆம் ஆண்டளவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர் வோங் கிம் ஆர்க். சீனா சென்று திரும்பிய அவரை, குடிமகன் அல்லர் என்று கூறி அதிகாரிகள் கரையிறங்க விடவில்லை. அவர் வழக்காடினார். 1898இல் உச்சநீதிமன்றம், இம்மண்ணில் பிறந்த அவர் 14ஆம் திருத்தத்தின்படி குடிமகனே என்று தீர்ப்பளித்தது. பெற்றோர் குடியுரிமை பெறத் தகுதியற்றோர் எனச் சட்டம் ஒதுக்கிய காலத்தில் வந்த தீர்ப்பு இது.

சியாமளா கோபாலன் என்னும் தமிழ்ப் பெண் 1958இல் தம் பத்தொன்பதாம் வயதில் பெர்க்லிக்குப் படிக்க வந்தார். அவருடைய கணவரும் ஜமைக்காவிலிருந்து படிக்க வந்தவர். 1964இல் ஓக்லண்டில் பிறந்த அவர்களின் மகள் கமலா ஹாரிஸ், பிறப்பாலேயே குடிமகள். துணை அதிபரின் பெயர் என்ன என்பது தேர்வில் என்றும் உள்ள வினா. 2021 சனவரி முதல் 2025 சனவரி வரை, உலகின் எந்த மூலையிலிருந்து வந்தவரும் அவ்வினாவுக்குக் கூற வேண்டியிருந்த சரியான விடை, ஒரு தமிழ்த் தாயின் மகளின் பெயராக இருந்தது. அரசியல் கருத்து எதுவாயினும், அவ்விடைக்குப் பின்னால் வோங் கிம் ஆர்க் நின்றார் என்பதை மறக்கலாகாது.

2025 சனவரி 20 அன்று வெளியான அதிபர் ஆணை ஒன்று, தந்தை குடிமகனாகவோ நிரந்தர வதிவிட உரிமை பெற்றவராகவோ இல்லாதபோது, தற்காலிக விசாவில் இருக்கும் தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு இப்பிறப்புரிமை இல்லை என்றது. எச்-1பி விசாவில் உள்ள குடும்பங்களையும் அது தொட்டது. கீழ் நீதிமன்றங்கள் தடை விதித்தன. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 14ஆம் திருத்தம் என்ன கூறுகின்றது என்பது பள்ளிப் பாடம் என்று எண்ணியிருந்தோர், அது தம் வீட்டுத் தொட்டிலைப் பற்றியது என்று ஒரே நாளில் உணர்ந்தனர்.

இறுதியாக ஓர் எளிய வினா: உங்கள் பிரதிநிதியின் பெயர் என்ன? பாட்டி கூறிவிடுவார், பேத்திக்குத் தெரியுமா? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நியூ ஜெர்சிக்கு 12, டெக்சாசுக்கு 38, கலிபோர்னியாவுக்கு 52 பிரதிநிதிகள். இக்கணக்கெடுப்பில் குடிமக்கள் மட்டுமின்றி, பச்சை அட்டை உடையோரும் விசாவில் வாழ்வோரும் எண்ணப்படுகின்றனர். வாக்களிக்க இயலாதவரும் பிரதிநிதியின் மக்களுள் ஒருவரே. அவர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதவும், குடிவரவு விண்ணப்பம் தேங்கிக் கிடந்தால் உதவி கோரவும் உரிமை உடையவர்.

பெற்றோர்க்கும் மூத்தோர்க்கும் சில செய்திகள். ஆங்கிலம் வராது என்று அஞ்சி விண்ணப்பிக்காமல் இருப்போர் பலர். விண்ணப்பிக்கும்போது 50 வயது நிறைந்து, பச்சை அட்டையுடன் 20 ஆண்டுகள் இங்கு வாழ்ந்தவர்க்கும், 55 வயது நிறைந்து 15 ஆண்டுகள் வாழ்ந்தவர்க்கும் ஆங்கிலத் தேர்வு இல்லை. வரலாறு, குடிமையியல் வினாக்களை மொழிபெயர்ப்பாளர் துணையுடன் தமிழிலேயே எதிர்கொள்ளலாம். 65 வயது நிறைந்து 20 ஆண்டுகள் வாழ்ந்தவர், தமக்கெனக் குறிக்கப்பட்ட இருபது வினாக்களை மட்டும் படித்தால் போதும். பத்து கேட்கப்படும், ஆறு சரியாக இருக்க வேண்டும். குடியுரிமை பெற்ற பின் வாக்குச்சாவடியில் ஆங்கிலம் படிக்க இயலாதவர், தாம் விரும்பும் ஒருவரை உதவிக்கு அழைத்துச் செல்லலாம்; முதலாளியோ அவருடைய முகவரோ தொழிற்சங்கத்தவரோ ஆகாது என்பதே விதி. இதனினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. குடியுரிமை பெறும் முன் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது குற்றம். ஓட்டுநர் உரிமம் பெறும் இடத்தில் நீட்டப்படும் படிவத்தில், குடிமகனா என்னும் கட்டத்தில் அறியாமல் குறியிட்டுவிடுதலும் நாடுகடத்தல் வரை கொண்டுசெல்லலாம். படித்துப் பார்த்துக் கையெழுத்திடுக.

இளைஞர்களே! தேர்வு எழுதாமலே குடியுரிமை பெற்றவர்கள் நீங்கள். அந்த 128 வினாக்களையும் ஒருமுறை உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பன்னிரண்டு சரியாக வருகின்றதா என்று பாருங்கள். பதினெட்டு வயது நிறைந்ததும் வாக்காளராகப் பதிவு செய்யுங்கள். நகரமன்றக் கூட்டத்திலும் பள்ளி வாரியக் கூட்டத்திலும் ஒரு மாலையேனும் அமர்ந்து கேளுங்கள். உங்கள் வகுப்பிலேயே, குழந்தையாக வந்து இங்கேயே வளர்ந்தும், பெற்றோரின் பச்சை அட்டை வரிசை நகராததால் 21 வயதில் தகுதி இழக்கும் நிலையில் தமிழ் மாணவர் இருக்கக்கூடும். அவர்களுக்கு வாக்கில்லை. உங்களுக்கு உண்டு.

பெரியோர்களே! அடுத்த முறை அட்டைகள் மேசைக்கு வரும்போது, ஓர் இரவு இடம் மாறி அமருங்கள். அட்டைகள் பாட்டியின் கையில் இருக்கட்டும். வினாவைப் பாட்டி கேட்கட்டும். பேத்தி விடை கூறட்டும். விடை தெரியாத இடத்தில் இருவரும் சேர்ந்து தேடட்டும். திந்த்துக்கும் பகாய்க்கும் மறுக்கப்பட்ட "நாம்" என்னும் சொல் இன்று அந்த மேசையில் அமர்ந்திருக்கும் இருவருக்கும் உரியது. அதன் பொருளை அறிந்து வைத்திருப்பதே அதனைக் காக்கும் முதற்பணி.